வேர் காத்த கதை – 6: முதிர்ந்த வேரையும் விடாத புழு

சென்ற வாரம் 1855ஆம் ஆண்டில் நிறுத்தினோம். இங்கிலாந்தில் கண்ணாடிக் குடிலில் வளர்ந்த வெள்ளரியின் வேரில் உருண்டு திரண்டிருந்த முடிச்சுகளை மைல்ஸ் பெர்க்லி என்ற பாதிரியார் ஆராய்ந்தார். உள்ளே நூற்புழுக்கள் இருந்தன. அந்தப் புழு பிறகு எந்தெந்தப் பயிரில் குடியேறியது, எந்தப் பயிர் அதை எப்படி மடக்கியது என்பதுதான் இனி வரும் வாரங்களின் கதை. அதற்கு முதலில் நம்மவர்கள் வேர்விட்ட ஒரு மலைக்குப் போக வேண்டும்.

மலேசியாவின் பகாங் மாநிலம், கேமரன் மலை. பிரிஞ்சாங்கிலிருந்து வடக்கே வண்டியை விட்டால் கியா ஃபார்ம், அதைத் தாண்டித் திரிங்காப், பிறகு கோல தெர்லா, கம்போங் ராஜா. திரிங்காப்பைச் சுற்றிச் சரிவுகள் எங்கும் பிளாஸ்டிக் கூரைகள். கூரைக்கடியில் தக்காளி, குடைமிளகாய், சாலட் கீரை, சாமந்தி. கூரைகள் ஓய்ந்து பச்சை தொடங்கும் சரிவுகளில் தேயிலை. 1929இல் ஜே. ஏ. ரசல் இந்த மலையில் போ தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை வெட்டி, கல் பொறுக்கி, தேயிலைக் கன்று நட்டு இந்த மலையை உருவாக்கிய கைகளில் தமிழ்க் கைகள் ஏராளம். அவர்களின் பேரப்பிள்ளைகளில் சிலர் இன்று தேயிலையை விட்டுக் காய்கறி கெபுனுக்கு, அதாவது காய்கறித் தோட்டத்துக்கு, மாறிவிட்டார்கள்.

அறுவடை முடிந்த தக்காளிச் செடியை அப்படியே வேரோடு பிடுங்கிப் பாருங்கள். நோய் கண்ட செடி என்றால் வேர் வேராக இருக்காது. மணி மணியாக, சில இடங்களில் விரல் பருமனுக்கு வீங்கிக் கிடக்கும். ஒரு முடிச்சை நகத்தால் பிளந்தால் உள்ளே குண்டூசித் தலையைவிடச் சிறிய வெள்ளைப் புள்ளி மினுங்கும். அதுதான் பெண் புழு. பேரிக்காய் வடிவம், அசைவே கிடையாது. அதன் பின்புறம் பழுப்பு நிறப் பசை உருண்டை ஒட்டியிருக்கும். அதற்குள் நூற்றுக்கணக்கில் முட்டைகள்.

இப்போது பக்கத்துச் சரிவில் முப்பது, நாற்பது வயதுத் தேயிலைச் செடியின் வேரைப் பாருங்கள். மலை அதே மலை, மழை அதே மழை. தக்காளியைச் சூறையாடிய அதே இனப் புழு அந்த வேரில் முடிச்சுப் போட முடியாமல் தோற்று நிற்கும். தக்காளிக்கு இல்லாத எந்தப் பலம் தேயிலைக்கு இருக்கிறது? அந்தப் பலம் பிறவியிலேயே வந்ததா, வளர்ந்தபின் வந்ததா?

இந்தக் கேள்விக்கான முதல் துப்பு கிடைத்தது கேமரன் மலையில் தேயிலை வருவதற்கு வெகுமுன்பே, நம் நீலகிரியில்.

★

1901. நீலகிரியின் மேற்குச் சரிவில் தேவாலா. இருபது ஆண்டுகளுக்கு முன் இந்த ஊரின் பெயர் லண்டன் பங்குச் சந்தையில் அடிபட்டது. மண்ணுக்கடியில் தங்கம் கொட்டிக் கிடக்கிறது என்று கம்பெனிகள் முளைத்தன, பணம் திரட்டின, சுரங்கம் வெட்டின, சில ஆண்டுகளிலேயே கவிழ்ந்தன. தங்கக் கனவு கலைந்த அந்த மலையில் நிலைத்து நின்றவற்றில் ஒன்று தேயிலை.

தேவாலாத் தோட்டத்துத் தேயிலையின் வேரை ஆராய்ந்தவர் சி. ஏ. பார்பர், சென்னை மாகாண அரசின் தாவரவியலாளர். பிற்காலத்தில், 1912 முதல், கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையத்தை நடத்தி, டி. எஸ். வெங்கட்ராமனோடு சேர்ந்து இந்தியக் கரும்பின் தலையெழுத்தையே மாற்றிய அதே பார்பர்தான். கரும்புக்காக அவரைக் கொண்டாடுகிறோம். அதற்குப் பதினோரு ஆண்டுகளுக்கு முன் அவர் எழுதிய சிறு அறிக்கையை மறந்துவிட்டோம். தென்னிந்தியத் தேயிலையில் நூற்புழு நோய் இருக்கிறது என்று சொன்ன அறிக்கை அது. இந்தியாவில் வேர்முடிச்சு நூற்புழுவுக்குக் கிடைக்கும் முதல் பதிவாக இன்றும் புழுவியலாளர்கள் அதைத்தான் காட்டுகிறார்கள்.

பார்பருக்குப் பின் தோட்டங்கள் மெல்ல மெல்ல ஒரு விஷயத்தைக் கவனித்தன. இந்தப் புழு தேடிப்போவது இளம் வேரைத்தான். நாற்றுமேடையில் கன்றுகள் வெளுத்து, வளராமல் நின்றுவிடும். பிடுங்கினால் முடிச்சுகள். அதே கன்று எப்படியோ தப்பித்து ஓராண்டைத் தாண்டி, வேர் முற்றிவிட்டால், அதன்பின் புழுவின் ஆட்டம் அதனிடம் செல்லாது. ஆகவே தென்னிந்தியத் தோட்டங்களில் நாற்றுப் பைக்குள் போகும் மண்ணை முதலில் தகரத்தில் பரப்பி, கீழே தீ மூட்டி, 60 பாகை செல்சியஸ் தாண்டும்வரை சூடாக்கி, ஆறவைத்துப் பிறகுதான் பையில் நிரப்புவார்கள். குழந்தைப் பருவத்தைக் கடத்திவிட்டால் போதும் என்ற கணக்கு.

கணக்கு சரியாகத்தான் இருந்தது. அது ஏன் சரி என்று புரிந்துகொள்ள வேருக்குள் இறங்க வேண்டும்.

முட்டையிலிருந்து வெளிவரும் புழுக்குட்டி அரை மில்லிமீட்டர் நீளம்கூட இருக்காது. வாயில் ஒரு ஊசி. மண்ணின் ஈரத்தில் நீந்தி வந்து, வேர் நுனிக்குச் சற்று மேலே துளைத்து நுழையும். நுழைந்ததும் நேராக நடு வேருக்குப் போக அதனால் முடியாது. வேருக்குள் நீர்க்குழாய்களைச் சுற்றி ஒரு மதில் இருக்கிறது. செல்களுக்கு இடையே நீர்கூடப் புகாதபடி மெழுகும் லிக்னினும் பூசிய மதில். புழு அதை உடைப்பதில்லை. செல்களுக்கு நடுவே கீழ்நோக்கி ஊர்ந்து, மதில் இன்னும் எழும்பாத வேர் நுனிக்கு வந்து, அங்கே கொண்டை ஊசி வளைவு போலத் திரும்பி, உள்வழியாக மேலேறி நீர்க்குழாய்ப் பகுதியை அடைகிறது. கண்ணில்லாத, அரை மில்லிமீட்டர் உயிரின் வேலை இது. படிக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

உள்ளே போய் அது என்ன செய்கிறது? ஐந்தாறு செல்களைத் தேர்ந்து, ஊசியால் தன் சுரப்பை இறக்குகிறது. அந்தச் செல்கள் பிரியாமல் பருக்க ஆரம்பிக்கின்றன. உட்கரு மட்டும் திரும்பத் திரும்பப் பிரிந்து, ஒரே செல்லில் நூறு உட்கருக்கள்வரை சேர்ந்து, ஒவ்வொரு செல்லும் ராட்சத உருவம் கொள்கிறது. இலை சமைத்த சர்க்கரை எல்லாம் அங்கே பாய்கிறது. புழு உட்கார்ந்து குடிக்கிறது. குடிக்கக் குடிக்க அதன் தசைகள் சுருங்கிப்போகின்றன. இனி அது வாழ்நாள் முழுக்க நகராது.

வாசகர்கள் இந்த இடத்தை மனதில் குறித்துக்கொள்ள வேண்டும். இந்தத் தொடர் முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது. புழு தன் உயிரை அந்த ஐந்தாறு செல்களிடம் அடகு வைத்துவிட்டது. அந்தச் செல்கள் செத்தால் புழுவும் செத்தது. ஆகவே வேர், புழுவைத் தேடிப்பிடித்துக் கொல்ல வேண்டியதே இல்லை. சோறு போடும் செல்லைத் தானே சாகடித்தால் போதும்; அல்லது அப்படிப்பட்ட செல் உருவாகவே இடம் கொடுக்காமல் இருந்தால் போதும். முதிர்ந்த தேயிலை வேரில் செல்சுவர்களில் லிக்னின் ஏறியிருக்கும். இலையில் நாம் துவர்ப்பாக ருசிக்கும் பாலிஃபீனால்கள் வேரிலும் உண்டு. நுனியில் வழி தேடும் குட்டிக்கு அது வசதியான வீடாக அமைவதில்லை.

முதிர்ந்தால் தப்பித்தது என்பது தோட்டங்களின் வேதவாக்கு ஆகிவிட்டது. அரை நூற்றாண்டு அதை யாரும் சந்தேகிக்கவில்லை. சந்தேகிக்க வழியும் இருக்கவில்லை, ஏனென்றால் உலகத்தில் இருந்த அத்தனை வேர்முடிச்சுப் புழுக்களையும் ஆய்வாளர்கள் ஒரே பெயரில் ஒரே இனமாக எழுதிவந்தார்கள். 1949இல் அமெரிக்காவின் பி. ஜி. சிட்வுட் அந்த ஒற்றைப் பெயரை உடைத்தார். உடம்பின் பின்புற வரிகளை நுண்நோக்கியில் வைத்து ஒப்பிட்டு, இது ஒருவன் இல்லை, பலர் என்று நிரூபித்தார். மெலாய்டோகைன் என்ற பேரினம் தனியாக நின்றது. அதற்குள் ஜவானிகா, இன்காக்னிட்டா, ஹப்லா என்று பல இனங்கள்.

பெயர் பிரிந்ததும் ஆளுக்கு ஆள் குணம் பார்க்கும் காலம் வந்தது. நான்கே ஆண்டுகள். 1953இல் தலவாக்கலையிலிருந்து வந்த செய்தி, முதிர்ந்த வேர் பற்றிய வேதவாக்கை உடைத்துப் போட்டது.

★

தலவாக்கலை, இலங்கை மலையகம். 1925இல் தொடங்கப்பட்ட இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் இங்கே செயின்ட் கூம்ஸ் தோட்டத்தில் இருக்கிறது. அங்கே புழுக்களை ஆராய்ந்தவர் சி. ஏ. லூஸ். முதிர்ந்த தேயிலையின் வேரில் முடிச்சுப் போடும் ஒரு புழுவை அவர் தனி இனமாக விவரித்தார். மெலாய்டோகைன் பிரெவிகாடா. மற்ற வேர்முடிச்சுப் புழுக்கள் எங்கே தோற்றனவோ அங்கேயே இது ஜெயித்தது. தென்னிந்தியத் தேயிலையிலும் பின்னர் இது தென்பட்டது.

ஆனால் மலையகத்தின் பெரிய துயரம் இதனால் வரவில்லை. இது சில இடங்களோடு நின்றுவிட்டது. லூஸ் துரத்திய இன்னொரு புழுதான் மலை மலையாகத் தேயிலையைத் தின்றது. அதற்கு முடிச்சே கிடையாது. வீடும் கிடையாது. வேரின் மேற்பட்டைக்குள் புகுந்து, ஒரு செல்லைக் குடித்துவிட்டு அடுத்ததற்கு, அது தீர்ந்ததும் அதற்கடுத்ததற்கு என்று நடந்துகொண்டே இருக்கும். போன வழியெல்லாம் பழுப்பு நிறப் புண். வேர் காய்ந்ததும் மண்ணுக்கு வெளியே வந்து அடுத்த வேரில் நுழைந்துவிடும். நெதர்லாந்தின் பி. ஏ. ஏ. லூஃப் 1960இல் இதைத் தனி இனமாக்கி, லூஸின் பெயரையே சூட்டினார். பிராட்டிலென்கஸ் லூஸி.

சற்றுமுன் நாம் குறித்துவைத்த பலவீனம் இந்தப் புழுவுக்கு இல்லை. அது எந்தச் செல்லிடமும் உயிரை அடகு வைப்பதில்லை. ஒரு செல் செத்தால் அது நகர்ந்துவிடும். உயிர் விட்டுக் காக்கும் வேரின் வித்தை இங்கே பலிக்காது.

இதன் கொடுமை தெரியும் நேரம் கவ்வாத்து. தேயிலைச் செடியை மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுவார்கள். கவ்வாத்துக்குப் பிறகு செடியில் இலை இருக்காது. புதுத் தளிர் வரும்வரை அது வேரில் சேர்த்துவைத்த மாச்சத்தை உண்டுதான் பிழைக்க வேண்டும். அதனால் வெட்டுவதற்கு முன் பென்சில் கனத்தில் ஒரு வேரை எடுத்து, குறுக்கே சீவி, வெட்டுமுகத்தில் அயோடின் கரைசல் விடுவார்கள். கருநீலமாக மாறினால் மாச்சத்து இருக்கிறது, வெட்டலாம். வெளிறி நின்றால் வெட்டக்கூடாது. லூஸிப் புழு குடியிருந்த வேர் அந்தச் சோதனையில் வெளிறி நிற்கும். சோதிக்காமல் வெட்டிய இடத்தில் செடி திரும்பத் தளிர்க்காது, அல்லது தளிர்த்தும் சவலையாக நிற்கும். மேலே பார்ப்பவருக்குக் கவ்வாத்து சரியில்லை என்றுதான் தோன்றும். கத்தி பிடித்தவர் திட்டு வாங்குவார். கொலையாளி அடியில் இருப்பான்.

செடி சவலையானால் கொழுந்து குறையும். கொழுந்து குறைந்தால் நிறுவை குறையும். நிறுவை குறைந்தால் அன்றைக்கு எடுத்தவளுக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். அரை மில்லிமீட்டர் புழுவின் கணக்கு கடைசியில் ஒரு தாயின் சம்பள நாளில் வந்து முடிந்தது. ஆராய்ச்சிக் கட்டுரைகள் ஏக்கருக்கு எத்தனை கிலோ இழப்பு என்று எழுதும். நான் இந்த வரலாற்றை எழுத உட்கார்ந்ததற்கே காரணம் அந்தக் கட்டுரைகளில் இடம்பெறாத அந்த அரைப்பேர்தான்.

லூஸிப் புழுவுக்குப் பிடித்த இடம் எது தெரியுமா? ஏறத்தாழ 900 மீட்டரிலிருந்து 1800 மீட்டர்வரை உள்ள மலைகள். மண்ணின் வெப்பம் 18 முதல் 24 பாகை. உலகின் நல்ல தேயிலை விளையும் உயரமும் அதுதான், கேமரன் மலைத் தேயிலை நிற்கும் உயரமும் அதுதான். கன்றோ, கன்றோடு ஒட்டிய மண்ணோ ஒரு தேயிலை நாட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது தாவரக் காப்புத் துறைகள் ஏன் இவ்வளவு கெடுபிடி செய்கின்றன என்று கேட்பவர்கள் இந்த எண்களைப் பார்க்க வேண்டும்.

பட்டினி போட முடியாத புழுவை என்ன செய்வது? இந்தக் கேள்வியோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டியவர்களில் இரண்டு தமிழ்ப் பெயர்கள் உண்டு. பி. சிவபாலன், என். சி. ஞானப்பிரகாசம். தலவாக்கலை நிலையத்தின் புழுவியலாளர்கள். வெப்பமண்டலப் பயிர்களின் நூற்புழுக்கள் பற்றி 1990இல் வெளிவந்த பெருநூலில் காப்பி, கொக்கோ, தேயிலை பற்றிய அதிகாரத்தை எழுதிய மூவரில் இவர்கள் இருவர். எந்தச் செடி வகை தாங்குகிறது, எந்த உயரத்தில் புழு பெருகுகிறது, இடையில் எதை நட்டால் குறைகிறது என்று அவர்கள் தோட்டம் தோட்டமாகத் தேடினார்கள்.

மலையகம் கைக்கொண்ட வழி, ஒரு செடியால் முடியாததை மலை முழுதையும் கொண்டு செய்வது. பாதித்த மலையில் தேயிலையை வேரோடு தோண்டி எடுத்துவிட வேண்டும். ஒரு துண்டு வேர் மண்ணில் கிடந்தாலும் அதற்குள் புழு உயிரோடிருக்கும், ஆகவே தோண்டுவதில் சமரசமே கிடையாது. பிறகு அந்த மண்ணில் மானாப்புல்லோ குவாதிமாலாப் புல்லோ நட்டு, ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் விட்டுவைப்பார்கள். புல்லின் வேர் லூஸிப் புழுவுக்கு உணவாகாது. இரண்டு ஆண்டுகள் மண் முழுதும் புல்வேர், தேயிலை வேர் ஒன்றுகூட இல்லை. நடக்கத் தெரிந்த புழு நடந்து நடந்து எங்கும் சோறு கிடைக்காமல் முடிகிறது. வேர் தனியாகப் போட முடியாத பட்டினியை மனிதர்கள் சேர்ந்து போட்டார்கள். புல்லை அவ்வப்போது வெட்டி அங்கேயே மூடாக்காகப் பரப்புவார்கள். களைத்துப்போன மண்ணுக்கும் அது மருந்து.

இரண்டு ஆண்டுகள் கொழுந்தே வராத மலை என்றால் எந்த நிர்வாகமும் முகம் சுளிக்கும். அந்த நேரத்தில்தான் உலகச் சந்தையில் ஒரு குறுக்குவழி விற்பனைக்கு வந்திருந்தது. ஒரே நாளில் மண்ணைச் சுத்தமாக்கும் என்றார்கள்.

★

1943இல் ஹவாய்த் தீவுகளின் அன்னாசி ஆராய்ச்சி நிலையத்தில் வால்டர் கார்ட்டர், பெட்ரோலிய ஆலைகளின் உபபொருளான டி-டி என்ற கலவையை மண்ணில் செலுத்திப் பார்த்தார். புழு ஒழிந்தது, அன்னாசி தழைத்தது. அதைத் தொடர்ந்து மண்ணுக்குள் ஆவியாகப் பரவும் நஞ்சுகள் வரிசையாக வந்தன. 1950களில் டி.பி.சி.பி. வந்தது. நிற்கும் செடியைக் கொல்லாமல் புழுவை மட்டும் கொல்லும் என்ற பெயரோடு வாழைத் தோட்டங்களில் கொட்டித் தீர்த்தார்கள்.

1977இல் கலிபோர்னியாவின் லாத்ரோப் நகரில், அந்த நஞ்சைத் தயாரித்த ஆலையின் தொழிலாளர்கள் தங்களில் பலருக்குப் பிள்ளையே பிறப்பதில்லை என்று தங்களுக்குள் பேசிக்கொள்ள ஆரம்பித்தார்கள். சோதித்ததில் ஆண்களுக்கு மலட்டுத்தன்மை. மத்திய அமெரிக்க வாழைத் தோட்டங்களில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் அதே பழியைச் சுமந்து பல ஆண்டுகள் நீதிமன்றப் படியேறினார்கள். நாற்றுமேடை மண்ணுக்குப் பயன்பட்ட மெத்தில் புரோமைடு ஓசோன் படலத்தை அரிப்பது தெரிந்து, மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி வளர்ந்த நாடுகளில் 2005இலும் வளரும் நாடுகளில் 2015இலும் நின்றது. நஞ்சின் அத்தியாயத்தை இவ்வளவோடு முடித்துக்கொள்கிறேன். அது வேரின் வரலாறு இல்லை.

வேரின் வரலாறு அதே 1943, 44இல் இன்னொரு இடத்தில் ஓசையில்லாமல் நடந்துகொண்டிருந்தது. ஹவாயில் கார்ட்டர் நஞ்சைக் கண்டுபிடித்த நேரத்தில், கலிபோர்னியாவில் ஒருவர் சாகப்போகும் ஒரு கருவைக் காப்பாற்றப் போராடிக்கொண்டிருந்தார்.

★

தென் அமெரிக்காவின் மேற்குக் கரையில் பெருவியானம் என்ற காட்டுத் தக்காளி வளர்கிறது. காய் பழுத்தாலும் பச்சையாகவே இருக்கும், யாரும் சமையலுக்கு எடுப்பதில்லை. 1941இல் டி. எம். பெய்லி, விதைக் களஞ்சியத்தில் 128657 என்ற எண்ணில் இருந்த ஒரு பெருவியானம் செடியை வேர்முடிச்சுப் புழுவோடு வளர்த்துப் பார்த்தபோது வேர் சுத்தமாக இருந்தது. அந்த வலிமையை நாம் தின்னும் தக்காளிக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டையும் கலப்பினம் செய்தால் காய் வரும், விதையும் உருவாகத் தொடங்கும், ஆனால் கரு பாதியில் செத்துவிடும்.

பால் ஜி. ஸ்மித் அந்தக் கருவைச் சாகும் முன்பே விதையிலிருந்து பிரித்தெடுத்து, கண்ணாடிக் குழாயில் சத்துக் கூழில் வளர்த்தார். 1944இல் வெளியான முடிவு: பிழைத்துச் செடியானது ஒன்றே ஒன்று. இன்று உலகெங்கும் வேர்முடிச்சுப் புழுவைத் தாங்கும் என்று விற்கப்படும் தக்காளி ரகங்களின் அந்த ஒரு வலிமை, தலைமுறை தலைமுறையாகப் பின்னோக்கிப் போனால், அந்த ஒற்றைச் செடியில் போய் முடிகிறது. விதைப் பாக்கெட்டில் ரகத்தின் பெயருக்குப் பின்னால் வி, எஃப், என் என்று எழுத்துகள் இருக்கும். அதில் ‘என்’ நூற்புழுவைத் தாங்கும் என்பதற்கான குறி.

அந்த வலிமை ஒரு மரபணு. எம்.ஐ-1 என்று பெயர். 1998இல்தான் அமெரிக்காவின் வேலரி வில்லியம்சன் குழுவும் நெதர்லாந்துக் குழு ஒன்றும் அதைத் தனியே பிரித்தெடுத்தார்கள். அது உருவாக்கும் புரதம் ஒரு காவலாள். புழு வேருக்குள் நுழையும்போது அது தடுப்பதில்லை. நீர்க்குழாய்ப் பகுதிவரை போகவும் விட்டுவிடுகிறது. ஊசியை இறக்கிச் சோற்றுச் செல்லை உருவாக்கத் தொடங்கும்போதுதான் காவலாள் விழிக்கிறான். ஒரு நாளுக்குள் புழுவின் தலையைச் சுற்றியுள்ள செல்கள் தாமே செத்துக் கருகுகின்றன. செடி தன் உடம்பில் சில செல்களை இழந்து வேரைக் காக்கிறது. குட்டி அங்கேயே பட்டினியில் சாகும், அல்லது வெளியேறும். தேவாலாவில் நாம் பார்த்த புழுவின் பலவீனத்தை, அதைப் பற்றி எதுவும் அறியாத ஒரு காட்டுச் செடி ஏற்கெனவே கண்டுபிடித்து வைத்திருந்தது.

இப்போது திரிங்காப்புக்கு வரலாம். எம்.ஐ-1க்கு ஒரு குறை இருக்கிறது. மண்ணின் வெப்பம் 28 பாகையைத் தாண்டினால் காவலாள் தளர்ந்துவிடுவான். 1969இல் வி. எச். டிராப்கின் இதைச் சோதனையில் காட்டினார்: 28 பாகையில் கருகி எதிர்த்த அதே வேர், 33 பாகையில் புழுவுக்கு வீடு கட்டிக்கொடுத்தது. நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிச் சமவெளித் தக்காளிக்காரர்கள் கோடையில் ‘என்’ போட்ட விதையை நட்டும் முடிச்சைப் பார்த்தால், விதைக்காரரைக் குறை சொல்லும் முன் மண்ணின் சூட்டைப் பார்க்க வேண்டும். கேமரன் மலையிலோ பகல் வெப்பம் 25 பாகையை ஒட்டியே நிற்கும், இரவில் 15க்குப் பக்கத்தில் இறங்கும். பெரு நாட்டுக் காட்டுத் தக்காளியின் காவலாளுக்கு இதைவிட நல்ல ஊர் கிடைக்காது. கூரைக்கடியில் மண் சூடேறாமல் பார்த்துக்கொள்வது, பக்கவாட்டில் காற்று விடுவது, மூடாக்குப் போடுவது எல்லாம் அங்கே மரபணுவுக்குச் செய்யும் காவல்.

இன்னொரு துணையும் உண்டு. நம் கோயில் மாலைகளில் தொங்கும் செண்டுமல்லி. அதன் வேரில் உள்ள ஆல்ஃபா டெர்தயனில் என்ற பொருள் நூற்புழுவைக் கொல்லும் என்று 1958இல் நெதர்லாந்தின் உலன்புரூக்கும் பைலூவும் கண்டறிந்தார்கள். தக்காளி முடிந்த பாத்தியில் ஒரு பருவம் முழுக்கச் செண்டுமல்லியை அடர்த்தியாக நட்டால் பலன் கிடைக்கும். ஓரத்தில் அழகுக்கு நாலு செடி வைத்தால் ஒன்றும் நடக்காது.

இத்தனை அரண்களும் இருந்தும் மலைக்காரர்கள் நிம்மதியாகத் தூங்க முடியாது. எம்.ஐ-1 காவலாளுக்கு மூன்று எதிரிகளைத்தான் அடையாளம் தெரியும்: இன்காக்னிட்டா, ஜவானிகா, அரினேரியா. சிட்வுட் 1949இல் பிரித்து வைத்தாரே ஹப்லா, அது குளிர் நாட்டுப் புழு. வெப்பமண்டலத்தில் அது காலூன்றுவது உயர்ந்த மலைகளில்தான். ஹப்லாவைக் காவலாளுக்குத் தெரியாது. எந்தக் குளிர் காவலாளைக் காப்பாற்றுகிறதோ, அதே குளிர் அவனுக்குத் தெரியாத திருடனுக்கும் வாசல் திறக்கிறது. அதோடு, ஒரே ‘என்’ ரகத்தை ஒரே பாத்தியில் பருவம் தவறாமல் நட்டுக்கொண்டே வந்தால், இன்காக்னிட்டாவிலேயே காவலாளின் கண்ணில் படாத கூட்டம் தலையெடுக்கும். கலிபோர்னியாவில் அது நடந்தேவிட்டது.

ஒரு மரபணு, ஒரு காவலாள். அவன் கண்ணுக்குத் தப்பும் புழு குளிர்ந்த மலைக்கு வந்துவிட்டால் என்ன ஆகும்? அதற்கு விடை தேடக் கேமரன் மலையில் காத்திருக்க வேண்டாம். அதே குளிருள்ள இன்னொரு தமிழ் மலையில், வேறொரு பயிரில், அது முன்பே நடந்துவிட்டது.

1961. உதகமண்டலம், விஜயநகரம் பண்ணை. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த எஃப். ஜி. டபிள்யூ. ஜோன்ஸ் அங்கே உருளைக்கிழங்கு வேரில் பொன்னிற மணிகளைக் கண்டறிகிறார். இந்தியாவில் அதுவரை யாரும் பதிவு செய்யாத புழு. தாய்ப் புழு செத்தபின் அதன் தோலே ஓடாக இறுகும். ஒவ்வொரு ஓட்டுக்குள்ளும் நூற்றுக்கணக்கான முட்டைகள், இருபது ஆண்டுகள்கூட மண்ணில் காத்திருக்கும். பக்கத்தில் உருளைக்கிழங்கு வேர்விட்ட வாசனை கிடைத்த பிறகுதான் பெரும்பாலானவை பொரியும்.

இதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1952இல், நியூகாசிலின் செசில் எல்லன்பி ஆண்டீஸ் மலை உருளைக்கிழங்குகளை நூற்றுக்கணக்கில் சோதித்து, ஒரு விசித்திரத்தைக் கண்டிருந்தார். 1673 என்ற எண்ணிட்ட ஒரு கிழங்கின் வேரில் பெண் புழுக்கள் மணியாகத் திரளவே இல்லை. அந்த வேருக்குள் போகும் குட்டிகள் பட்டினியில் ஆணாகவே வளர்ந்தன. முட்டையிட ஆளில்லாமல் வம்சம் அங்கேயே நின்றது.

அந்தக் கிழங்கின் ரத்தம் நீலகிரியைக் காப்பாற்றும் என்றுதான் நினைத்தார்கள். ஊட்டி மண்ணுக்குள் பொன்னிறப் புழுவின் பக்கத்திலேயே வெளிர்நிறத்தில் இன்னொருவன் ஒளிந்திருந்தது அப்போது யாருக்கும் தெரியாது.

(தொடரும்)